கல்லூரியா, பல்கலைக்கழகமா? காரியாபட்டி வட்டார உயர்கல்வித் தெரிவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சிறிய இயேசு சபைக் கல்லூரி ஒன்றில் சேர்வதா, பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதா என்ற வினா, மேலைநாடுகளில் இரு வேறு பட்டங்களுக்கு இடையிலான தெரிவாக எழுவது. தமிழகத்தில் 1857 முதல் நிலவிவரும் இணைவுமுறை இவ்வினாவின் தன்மையையே மாற்றியது. கல்லூரி கற்பித்தது, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. ஆகவே மாணவர் தெரிவு செய்தது பட்டத்தை அன்று, கற்கும் இடத்தையே. அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி நிலப்பகுதியைச் சேர்ந்த காரியாபட்டி வட்டாரத்தை மையமாகக் கொண்டு, இத்தெரிவு எப்போது, யாருக்கு, எந்த அளவில் வாய்த்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கல்லூரியின் சிறுமையைக் காத்த சட்ட உரிமையே அதனைச் சில சமூகநீதிக் கடப்பாடுகளுக்கு வெளியே நிறுத்தியது என்பதும், இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலை வட்டாரத்தின் ஒரு பகுதியினருக்கு மட்டுமே இருந்தது என்பதும் இதன் முடிபுகள்.

முதன்மைச் சொற்கள்: காரியாபட்டி, இயேசு சபை, இணைவுமுறை, தன்னாட்சிக் கல்லூரி, மதுரைப் பல்கலைக்கழகம், சிறுபான்மையினர் கல்வி உரிமை

முன்னுரை

மதுரையிலிருந்து மேற்கே தேனி நோக்கிச் செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்துப் பல்கலை நகர் அமைந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அங்கே இயங்குகிறது. அதே சாலையில் செக்கானூரணியைக் கடந்தால் கருமாத்தூர். அங்கே இயேசு சபையினர் நடத்தும் அருளானந்தர் கல்லூரி உள்ளது. காரியாபட்டியிலிருந்து வரும் மாணவர் மதுரையில் பேருந்து மாறி இச்சாலையில் செல்ல வேண்டும். பல்கலைக்கழகம் முதலில் வரும்; கல்லூரி அடுத்து வரும். ஒரே சாலையில் நிற்கும் இவ்விரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமைந்தவையா, ஒன்றன் இரு உறுப்புகளாக அமைந்தவையா என்பது வரலாற்று வினா.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1789ஆம் ஆண்டு தோன்றிய ஜார்ஜ்டவுன் முதலாக இயேசு சபை நிறுவனங்கள் தாமே பட்டம் வழங்குவன. அங்கே அத்தகைய நிறுவனத்துக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நிகழ்வது இரு பட்டங்களுக்கு இடையிலான தெரிவு. தமிழகத்தில் நிலைமை வேறு. அவ்வேறுபாட்டைக் கருதாமல் சிறிய கல்லூரியின் நன்மைகளையும் பெரிய பல்கலைக்கழகத்தின் நன்மைகளையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. காரியாபட்டி போன்ற ஒரு வட்டாரத்திலிருந்து நோக்கும்போது இது தெளிவாகப் புலப்படும்.

1. வட்டாரமும் கல்விக்கான தொலைவும்

காரியாபட்டி, மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையில் அமைந்த ஊர். கண்மாய்ப் பாசனமும் மானாவாரி வேளாண்மையும் இப்பகுதியின் அடிப்படை. பருத்தி, மிளகாய், சோளம், கம்பு, குதிரைவாலி, பயறு வகைகள் ஆகியவை இங்கு விளைவன. குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு. அருப்புக்கோட்டை நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்றது. 1985ஆம் ஆண்டு மார்ச் மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய மாவட்டம் உருவாகும் வரை இவ்வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் மதுரையிலேயே இயங்கியது. எனவே அலுவலகத்துக்கும் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் சென்ற மதுரைச் சாலையே கல்விக்கான சாலையாகவும் அமைந்தது. 1960களில் விருதுநகரையும் மானாமதுரையையும் இணைத்த இரயில் பாதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகச் சென்றது, காரியாபட்டியைத் தொடவில்லை.

கல்விக்காக ஊரைவிட்டு வெளியேறுவது இங்கு நெடுங்காலப் பழக்கம். இதற்குப் பலரும் அறிந்த சான்று திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிஷி. திருச்சுழியில் தொடக்கக் கல்வியும் திண்டுக்கல்லில் ஓராண்டுப் படிப்பும் முடித்த அவர், தந்தை மறைவுக்குப் பின் 1892இல் மதுரையில் சிற்றப்பா வீட்டுக்கு வந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். 1896இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட அவருடைய ஆன்மிக வரலாறு இக்கட்டுரையின் பொருளன்று. அவர் பள்ளி வாழ்வு கல்வி வரலாற்றுக்குத் தரும் செய்தி இரண்டு. வழக்குரைஞர் தொழில் நடத்திய ஒருவரின் மகனுக்கே உயர்நிலைக் கல்வி சொந்த ஊரில் இல்லை என்பது ஒன்று. உறவினர் வீடே மாணவர் விடுதியாகப் பயன்பட்டது என்பது மற்றொன்று. மதுரையில் உறவினர் வீடு இல்லாத குடும்பங்களுக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. விடுதியுடன் கூடிய கல்லூரி என்ற அமைப்பு இவ்வட்டாரத்துக்கு ஏன் முதன்மையானது என்பதற்கு இதுவே அடிப்படை.

கல்லூரிகள் காரியாபட்டியை நோக்கி மெல்ல நெருங்கின. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881ஆம் ஆண்டையும் மதுரைக் கல்லூரி 1889ஆம் ஆண்டையும் தம் தொடக்கமாகக் கொள்கின்றன. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இல் தொடங்கியது. 1970ஐ ஒட்டி அருப்புக்கோட்டையில் சைவபானு சத்திரியக் கல்லூரியும் தேவாங்கர் கலைக் கல்லூரியும் தோன்றின. விருதுநகர், அருப்புக்கோட்டைக் கல்லூரிகள் வணிக, நெசவுச் சமூகங்களின் அறநிதிகளாலும் உறவின்முறை அமைப்புகளாலும் உருவானவை. ஆதலின் இவ்வட்டார மாணவர் முன்னிருந்த சிறிய கல்லூரி என்பது எப்போதும் இயேசு சபைக் கல்லூரி மட்டுமன்று.

2. இணைவுமுறை: கற்பிக்கும் இடமும் பட்டம் தரும் இடமும்

1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அது இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. வகுப்பு நடத்துவது அதன் பணியன்று. பாடத்திட்டம் வகுத்தல், தேர்வு நடத்துதல், பட்டம் வழங்குதல் ஆகியவையே அதன் பணிகள். வகுப்புகளை நடத்தியவை அதனோடு இணைவுபெற்ற கல்லூரிகள். 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை பரிந்துரைத்த மானிய உதவி முறை, சமய அமைப்புகளும் தனியாரும் கல்லூரி நடத்த வழிவகுத்தது. இருபதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத் துறைகள் தோன்றி ஆராய்ச்சியும் முதுகலைக் கற்பித்தலும் வளர்ந்தன. ஆயினும் இளங்கலைக் கல்வி பெரும்பாலும் இணைவுபெற்ற கல்லூரிகளிடமே இருந்தது. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கற்பித்தலையும் உறைவிடத்தையும் ஓரிடத்தில் இணைத்த விதிவிலக்கு.

இவ்வமைப்பின் விளைவுகள் இரண்டு. முதலாவது, பட்டத்தின் மதிப்பு கல்லூரியின் அளவைச் சார்ந்திருக்கவில்லை. சிறிய கல்லூரி மாணவரும் மாநகரக் கல்லூரி மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதி ஒரே பட்டம் பெற்றனர். அறியப்படாத ஊரிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவருக்கு இது பெரும் பாதுகாப்பு. இரண்டாவது, கற்பிப்பவர் பாடத்திட்டத்தை வகுப்பவராக இல்லை. தம் முன் அமர்ந்திருக்கும் மாணவரின் தேவையறிந்து பாடத்தை மாற்றும் உரிமை கல்லூரி ஆசிரியருக்கு இல்லை. கல்லூரியின் சிறுமை கற்பிக்கும் முறையிலும் விடுதி வாழ்விலும் வெளிப்படலாம். பாடத்தில் வெளிப்பட இயலாது. இந்த இரண்டாம் விளைவே பின்னர் தன்னாட்சிக் கோரிக்கைக்கு அடித்தளமாயிற்று.

3. தென்தமிழகத்தில் இயேசு சபைக் கல்லூரிகள்

இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்ததிலிருந்து இயேசு சபையின் மதுரைப் பணித்தளம் தமிழ்ச் சமூகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அருளானந்தர் எனப்பட்ட ஜான் தெ பிரிட்டோ மறவர் நாட்டில் பணியாற்றி 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் கொல்லப்பட்டார். 1773இல் உரோமையின் ஆணையால் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814இல் மீட்கப்பட்டது. பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினர் 1830களின் இறுதியில் மதுரைப் பணித்தளத்துக்குத் திரும்பினர். உயர்கல்வி அவர்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று.

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கியது. சென்னையில் இலயோலா கல்லூரி 1925இல் தோன்றியது. காரியாபட்டி மாணவருக்கு இவற்றுள் எதுவும் நாள்தோறும் சென்றுவரும் தொலைவில் இல்லை. எனவே 1970க்கு முன் இயேசு சபைக் கல்லூரியைத் தெரிவு செய்வதென்பது விடுதிச் செலவை ஏற்பதாகவே பொருள்பட்டது. மதுரை, விருதுநகர் ஆகிய அண்மைக் கல்லூரிகளை விடுத்துத் திருச்சிக்கோ பாளையங்கோட்டைக்கோ மகனை அனுப்புவதற்குக் கத்தோலிக்கத் திருச்சபைத் தொடர்பு, கல்லூரியின் ஒழுங்கு பற்றிய நற்பெயர், சேர்க்கை கிடைத்த பாடம் ஆகியவை காரணங்களாகலாம். பட்டம் ஒரு காரணமாக இருந்திருக்க முடியாது. 1966 வரை எங்கே பயின்றாலும் அது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமே.

4. மாவட்டத்திலிருந்து ஒரு சான்று

இதே இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குக் கரையிலிருந்து கிடைக்கும் சான்று இத்தெரிவின் உள்ளியல்பை விளக்கும். இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1950இல் திருச்சித் தூய வளனார் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். தொடர்ந்து அங்கேயே இயற்பியலில் இளங்கலை முடித்தார். கிறித்தவர் அல்லாத மாணவர் இயேசு சபைக் கல்லூரியைத் தெரிவு செய்தது அக்காலத்தில் அரிய நிகழ்வன்று.

அவருடைய தன்வரலாறு விடுதியைப் பற்றித் தரும் குறிப்புகள் கருதத்தக்கவை. மூன்று மாடி விடுதியில் ஏறத்தாழ நூறு மாணவர் தங்கியிருந்தனர். ஆங்கிலம் கற்பித்த அருட்தந்தையே விடுதிக் காப்பாளர். அவர் ஒவ்வோர் இரவும் மாணவர்தம் அறைகளுக்கு வந்து அவர்களைக் கண்டு சென்றார். கல்லூரியின் சிறுமை என்பது இங்கே மாணவர் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. வகுப்பில் கற்பித்தவரே விடுதியில் மாணவரை அறிந்தவராகவும் இருந்த நிலையையே அது குறிக்கிறது.

அதே நூல் மறுபக்கத்தையும் காட்டுகிறது. இயற்பியல் தமக்குரிய துறையன்று என்பதைப் பட்டப்படிப்பின் இறுதியிலேயே அவர் உணர்ந்தார். இண்டர்மீடியட் முடிந்ததுமே பொறியியலுக்குச் சென்றிருக்கலாம் என்று பின்னர்க் கருதினார். அவர் அடுத்துச் சேர்ந்த சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கட்டணத்துக்காகத் தமக்கை தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். விடுதியில் கிடைத்த கவனிப்பால் எதிர்காலத் துறை பற்றிய வழிகாட்டல் குறை முழுதும் நிறையவில்லை. குடும்பத்தில் முன் சென்றோர் இல்லாத மாணவர், எந்தக் கல்லூரி என்பதைவிட எந்தப் பாடம் என்பதிலேயே தடுமாறினர் என்பதற்கு இது சான்று.

5. 1966, 1970: ஒரே சாலையில் இரு நிறுவனங்கள்

1966ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய தென்மாவட்டங்களின் கல்லூரிகள் அதன் எல்லைக்குள் வந்தன. முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், அவரை அடுத்து 1971இல் பொறுப்பேற்றவர் மு. வரதராசனார். தமிழறிஞர் இருவர் அடுத்தடுத்து இப்பொறுப்பை வகித்தமை இப்பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டுகளுக்குத் தனி இயல்பு தந்தது. 1978இல் இது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபின் தென்கோடி மாவட்டக் கல்லூரிகள் அதனோடு இணைந்தன. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகள் மதுரையோடு தொடர்ந்தன.

பல்கலைக்கழகம் அண்மையில் வந்ததால் காரியாபட்டி மாணவருக்கு நேர்ந்த மாற்றம் எது? இளங்கலையைப் பொறுத்தவரை பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மாறியது. பல்கலைக்கழக வளாகத்தின் துறைகள் முதன்மையாக முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியவை. பள்ளி முடித்த மாணவர் நேரே சென்று சேரும் இடமாக அது அமையவில்லை. ஆகவே பதினாறு, பதினேழு வயதில் நின்ற மாணவர் கல்லூரியா பல்கலைக்கழகமா என்று வினவும் நிலை எழவில்லை. இளங்கலை முடித்தபின், முதுகலைக்காகக் கல்லூரியிலேயே தொடர்வதா பல்கலைக்கழகத் துறைக்குச் செல்வதா என்ற கட்டத்திலேயே இவ்வினா உண்மையான பொருள் பெற்றது. அக்கட்டத்தில் நூலகமும் ஆய்வகமும் ஆராய்ச்சி நெறியாளரும் பல்கலைக்கழகத்தின் வலிமைகள். அறிமுகமான ஆசிரியரும் தொடர்ந்த கவனிப்பும் கல்லூரியின் வலிமைகள்.

கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரி 1970இல் தொடங்கியது. ஓரியூரில் உயிர்நீத்தவரின் தமிழ்ப் பெயரை அது தாங்கியது. கல்லூரி அமைந்த பகுதி பிறமலைக் கள்ளர் வாழும் நிலம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகைப் பதிவுக்கு உட்படுத்தப்பட்டதை எதிர்த்து 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான நிகழ்வு இப்பகுதியின் நினைவில் நீங்காதது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல். அதன்பின் ஒரு தலைமுறைக்குள் அங்கே ஒரு கலைக்கல்லூரி எழுந்தது. திருச்சி, பாளையங்கோட்டை, சென்னை ஆகிய நகரங்களை நாடிய பழைய மரபிலிருந்து மாறி, இயேசு சபைக் கல்லூரி ஊரகத்துக்கு வந்தது. ஊரக வளர்ச்சி அறிவியல் என்னும் பட்டப்படிப்பால் இக்கல்லூரி பின்னர் அறியப்பட்டது.

மானாவாரி நிலத்திலிருந்து செல்லும் மாணவருக்கு இக்கல்லூரி தம் ஊரையொத்த சூழலைத் தந்தது. ஆயினும் அதே 1970ஐ ஒட்டி அருப்புக்கோட்டையில் இரு கல்லூரிகள் தோன்றியதையும் சேர்த்தே நோக்க வேண்டும். காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் ஒரு கல்லூரி வந்தபின், மதுரையைக் கடந்து கருமாத்தூருக்குச் செல்வது தனிக்காரணம் உடையோரின் தெரிவாகச் சுருங்கியது. வேளாண்மைக் குடும்பத்தில் விடுதிக் கட்டணம் மட்டுமன்று, வயல் வேலைக்குரிய ஓர் ஆளின் உழைப்பும் இழப்பாகவே கணக்கிடப்படும். தொலைவு என்பது இங்கே பொருளியல் அளவை.

6. அகமதாபாத் வழக்கு: சிறுமைக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு

இயேசு சபைக் கல்லூரியும் அரசுப் பல்கலைக்கழகமும் நேருக்கு நேர் நின்ற நிகழ்வு தமிழகத்தில் அன்று, குசராத்தில் நடந்தது. அகமதாபாத்தின் தூய சவேரியார் கல்லூரி குசராத் பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்றது. பல்கலைக்கழகச் சட்டத்தில் 1972இல் செய்யப்பட்ட திருத்தங்கள், கல்லூரி ஆட்சிக்குழுவிலும் ஆசிரியர் தெரிவுக்குழுவிலும் பல்கலைக்கழகப் பேராளர் இடம்பெற வேண்டும் என்றன. ஆசிரியரைப் பணிநீக்க அதன் ஒப்புதலைக் கட்டாயமாக்கின. இணைவுபெற்ற கல்லூரிகளை உறுப்புக் கல்லூரிகளாக மாற்றவும் இடமளித்தன. கற்பித்தல் முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்பது இதன் உட்கருத்து.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. இணைவு பெறுவது அடிப்படை உரிமையன்று. ஆயினும் அரசமைப்பின் 30(1)ஆம் கூறு வழங்கும் நிருவாக உரிமையைக் கைவிடுமாறு சிறுபான்மை நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் நிபந்தனைகளை இணைவுக்கு விதிக்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம். கல்வித் தரத்துக்கான ஒழுங்குமுறை ஏற்புடையது. நிருவாகத்தைக் கைக்கொள்வது ஏற்புடையதன்று என்ற எல்லை வகுக்கப்பட்டது.

தமிழகச் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் இத்தீர்ப்பு அரணாயிற்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 93ஆம் அரசமைப்புத் திருத்தம் சேர்த்த 15(5)ஆம் கூறு, தனியார் கல்வி நிறுவனச் சேர்க்கையிலும் இடஒதுக்கீட்டுக்குச் சட்டமியற்ற அரசுக்கு அதிகாரம் தந்தது. சிறுபான்மை நிறுவனங்களை அதிலிருந்து விலக்கியது. அரசுப் பல்கலைக்கழகம் இடஒதுக்கீட்டால் முழுமையாகக் கட்டுண்டது. சிறுபான்மைக் கல்லூரியில் ஒடுக்கப்பட்ட மாணவரின் இடம் பெரிதும் நிருவாகத்தின் கொள்கையையும் அறவுணர்வையும் சார்ந்தது. ஒன்றில் உரிமையாகக் கிடைப்பது மற்றொன்றில் கொள்கையாகக் கிடைக்கிறது. இயேசு சபையினர் பல காலங்களில் தலித், ஊரக மாணவருக்கு முன்னுரிமை தருவதைத் தம் கொள்கையாக அறிவித்துள்ளனர் என்பதும், கொள்கை மாறக்கூடியது, உரிமை எளிதில் மாறாது என்பதும் ஒருசேரக் கருதத்தக்கவை.

இச்சிக்கல் கிறித்தவத் தலித்துகளிடம் மேலும் கூர்மை பெறுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக்கியது, பின்னர்ச் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியிலிருந்து எழுந்த இரு படைப்புகள் இந்நிலையின் ஆவணங்கள். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு', திருச்சபைக் கல்வி நிறுவனங்களுக்குள் நிலவிய சாதி வேற்றுமையைக் கேள்விக்கு உட்படுத்தியது. ராஜ் கௌதமனின் தன்வரலாற்று நாவலான 'சிலுவைராஜ் சரித்திரம்', கத்தோலிக்கப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பயின்று உயர்ந்த தலித் இளைஞன் அரசின் இடஒதுக்கீட்டுக்காக இந்துவாக மாறும் இடம்வரை செல்கிறது. இத்தகைய மாணவருக்குத் திருச்சபை நிறுவனம் கல்வியின் வாயிலைத் திறந்தது. அந்நிறுவனத்தோடு பிணைந்த சமய அடையாளமே அரசு தந்த வாயிலை மூடியது. எந்த நிறுவனம் சிறந்தது என்ற பொதுவான ஒப்பீடு இவர்கள் நிலையை விளக்க உதவாது.

7. தன்னாட்சி: பாடத்தின் மீதான உரிமை

நிருவாக உரிமை நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. பாடத்தின் மீதான உரிமை வேறு வழியில் வந்தது. 1964–66 கோத்தாரிக் கல்விக் குழு, தகுதிமிக்க கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. 1978இல் தமிழகத்தில் முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் உருவாயின. திருச்சித் தூய வளனார், சென்னை இலயோலா ஆகிய இயேசு சபைக் கல்லூரிகளும் மதுரை அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, கோவைப் பூ. சா. கோ. கலைக் கல்லூரி ஆகியவையும் அவற்றுள் அடங்கும். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரியும் 1987இல் தன்னாட்சி பெற்றன.

தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும்; தேர்வை நடத்தி மதிப்பிடும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கப்படும். 1857இல் பிரிக்கப்பட்ட இரு பணிகள் இவ்வாறு மறுபங்கீடு பெற்றன. கற்பிப்பவர் பாடம் வகுப்பவருமானார். கண்மாயும் மானாவாரியும் பாடப்பொருளாவதற்கு இம்மாற்றம் இடமளித்தது. அதேவேளை, பொதுத்தேர்வு தந்த பழைய பாதுகாப்புத் தளர்ந்தது. ஒரே வினாத்தாள் என்ற பொது அளவுகோல் நீங்கியதால், கல்லூரியின் நற்பெயர் பட்டத்தின் மதிப்பைப் பாதிக்கத் தொடங்கியது. கல்லூரியின் பெயரை அறிந்து தெரிவு செய்யும் ஆற்றல் உடைய குடும்பத்துக்கு இது ஆதாயம். அறியாத குடும்பத்துக்கு இது புதிய தடை.

1978ஆம் ஆண்டு மற்றொரு மாற்றத்துக்கும் உரியது. கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு நீங்கி, மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. பள்ளியிறுதி முடிந்ததுமே கல்லூரி விடுதிக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் நீங்கி, மாணவர் மேலும் ஊரிலோ அருகிலோ தங்கிப் படிக்க முடிந்தது. கல்லூரித் தெரிவு ஓராண்டு தள்ளிப்போனது. ஊரகக் குடும்பங்களைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் பயன், தன்னாட்சியின் பயனைவிடப் பரவலானது.

8. தெரிவுக்கு வெளியே நின்றோர்

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆண்களின் வரலாறு. திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் தோன்றிய இயேசு சபைக் கல்லூரிகள் ஆண்களுக்கானவையாகவே தொடங்கின. காரியாபட்டிப் பெண்ணுக்கு அவை நெடுங்காலம் தெரிவுப் பட்டியலிலேயே இல்லை. பெண்களுக்குத் திறந்த வாயில்கள் வேறு: மதுரையில் 1948இல் லேடி டோக் கல்லூரி, 1953இல் பாத்திமா கல்லூரி, விருதுநகரில் 1962இல் வி. வி. வன்னியப்பெருமாள் மகளிர் கல்லூரி. விருதுநகரில் மகளிர் கல்லூரி தோன்றியமை இவ்வட்டாரப் பெண்கல்விக்கு, கருமாத்தூர்க் கல்லூரியின் தோற்றத்தைவிட நேரடியான பொருளுடையது.

கல்லூரிக்கே செல்ல இயலாதோர் மற்றொரு பிரிவினர். மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி இவர்களுக்குரியது. பணியிலிருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர், அலுவலக எழுத்தர், ஆலைத் தொழிலாளர், திருமணமான பெண்கள் ஆகியோர்க்குப் பாட ஏடுகள் வீடு தேடி வந்தன. பெரிய பல்கலைக்கழகத்தின் பருமை மிகுந்த பயன் தந்தது அதன் வளாகத்தில் அன்று, இந்த அஞ்சல் வழியிலேதான் எனலாம். சிறிய கல்லூரி தன்னிடம் வந்தவரை நன்கு அறிந்தது. பெரிய பல்கலைக்கழகம் வர இயலாதவரையும் எட்டியது. இவ்விரண்டும் வெவ்வேறு அறங்கள். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பியது.

1990களில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. காரியாபட்டியை அடுத்த புல்லூரில் 1995இல் சேது தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. கல்விக்காக மதுரைச் சாலையில் வெளியேறிய வட்டாரத்துக்கு அதே சாலை வழியே வெளியூர் மாணவர் வரத் தொடங்கினர். சுயநிதிப் பொறியியல் கல்வியின் வருகையோடு, கலை, அறிவியல் கல்லூரியா பல்கலைக்கழகமா என்ற வினாவே பின்தள்ளப்பட்டு, கட்டணம் செலுத்தும் ஆற்றல் முன்வந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு.

முதலாவது, இணைவுமுறையின் கீழ் இயேசு சபைக் கல்லூரியும் அரசுப் பல்கலைக்கழகமும் இளங்கலை மாணவருக்கு மாற்று வழிகளாக அமையவில்லை. ஒன்று கற்பித்தது, மற்றொன்று சான்றளித்தது. தெரிவு முதுகலைக் கட்டத்திலேயே பொருள் பெற்றது.

இரண்டாவது, காரியாபட்டி போன்ற மானாவாரி வட்டாரத்தில் தெரிவைத் தீர்மானித்தவை தொலைவு, விடுதிச் செலவு, பால், சாதி, சமயம் ஆகியவை. நிறுவனத்தின் தரம் அவற்றுக்குப் பின்னரே கருதப்பட்டது.

மூன்றாவது, 1974ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தன்னாட்சியும் சிறிய கல்லூரிக்கு நிருவாக உரிமையையும் பாட உரிமையையும் தந்தன. அவ்வுரிமைகள் வளர்ந்த அளவுக்கு, பொதுத்தேர்வும் இடஒதுக்கீடும் தந்த பொதுப் பாதுகாப்புகள் அங்கே குறைந்தன.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இணைவுமுறையைப் பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக நீக்கி, கல்லூரிகள் தாமே பட்டம் வழங்கும் நிறுவனங்களாக வளர வேண்டும் என்கிறது. தமிழக அரசு இக்கொள்கையை ஏற்கவில்லை. இவ்விவாதத்தில் கல்லூரியின் உரிமையும் பல்கலைக்கழகத்தின் அதிகாரமும் பேசப்படும் அளவுக்கு, ஒரே பட்டம் என்ற ஏற்பாடு ஊரக மாணவருக்குத் தந்த பாதுகாப்புப் பேசப்படவில்லை. இணைவுமுறை நீங்குமாயின், கல்லூரியா பல்கலைக்கழகமா என்ற தெரிவு முதன்முறையாக இரு பட்டங்களுக்கு இடையிலான தெரிவாக மாறும். அப்போது பட்டத்தின் மதிப்பை எடைபோட்டுத் தெரிவு செய்யும் சுமை, அதற்குரிய செய்தியும் வழிகாட்டலும் மிகக் குறைந்த முதல் தலைமுறைக் குடும்பங்களின் மீது விழும். அரசுப் பள்ளி மாணவர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் செலவைக் குறைக்கலாம். இச்சுமையைக் குறைக்க மாட்டா. இணைவுமுறையின் குறைகளைக் களையும் எந்தச் சீர்திருத்தமும், அது சிறிய ஊர் மாணவருக்குத் தந்த சமன்மையை எவ்வாறு ஈடுசெய்வது என்ற வினாவுக்கு விடை கூறியாக வேண்டும்.